மொனாஸ்டிரில் ஒரு எம்15 வாரம்

வியாழன், போட்டிக்குப் பதினெட்டு நாள் முன்பு

சென்னையில் இரவு 7.30 மணி, கிரீன்விச் நேரப்படி 14.00. ஐடிஎஃப் எனப்படும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் உலகச் சுற்றில், துனிசியாவின் மொனாஸ்டிரில் நடக்கும் எம்15-க்கு, அதாவது மொத்தப் பரிசு 15,000 டாலர் உள்ள ஆண்கள் போட்டிக்கு, பெயர் கொடுக்கக் கடைசி நிமிடம் இதுதான். போட்டி தொடங்கும் திங்கள்கிழமைக்குப் பதினெட்டு நாள் முந்தைய வியாழன் என்பது கணக்கு. ஐபின் எனப்படும் ஆட்டக்காரர் எண் கையில் இருக்க வேண்டும், அந்த ஆண்டுக்கான சந்தா கட்டியிருக்க வேண்டும், நேர்மைப் பயிற்சி என்ற இணையப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் படிவம் நகராது. 7.29-க்கு ஓடிபி வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை. புதன்கிழமையே முடித்துவிடுவது நல்லது.

ஒரே வாரத்துக்குப் பல ஊர்களில் பெயர் கொடுத்து, விருப்ப வரிசை போடலாம். பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஊரைப் பார்த்து வரிசை போடுகிறார்கள். பார்க்க வேண்டியது போன ஆண்டு அதே வாரத்தில் அங்கே கடைசியாக உள்ளே வந்தவரின் தரவரிசையை. முதன்மைச் சுற்றில் 32 இடம். அதில் 8 தகுதிச்சுற்றில் ஜெயித்து வருபவர்களுக்கு, 4 வைல்டு கார்டு, அதாவது அமைப்பாளர்கள் தாங்களே தரும் இடம். இளையோருக்கும் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. மிச்சமிருப்பதில்தான் பட்டியல் நிற்கும். ஏடிபி எனப்படும் ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கத்தின் தரவரிசை உள்ளவர்கள் மேலே, அவர்களுக்குக் கீழே ஐடிஎஃப் தரவரிசைக்காரர்கள். ஒரே ஒரு ஏடிபி புள்ளிக்காக இருபது வயதுப் பையன்கள் கண்டம் விட்டுக் கண்டம் போவது இதனால்தான். அந்த ஒரு புள்ளி பணமாக எதையும் தராது, பட்டியலில் மேலே ஏற்றிவிடும்.

2019-ல் எம்15 போட்டிகளிலிருந்து ஏடிபி புள்ளிகளை எடுத்துவிட்டு, தனி இடைநிலைத் தரவரிசை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் புள்ளிகள் திரும்பி வந்தன. கீழ்மட்டத்தின் குரல் மேலே கேட்ட அபூர்வமான தருணம் அது.

ஏன் மொனாஸ்டிர்? துனிசியாவின் கடற்கரை ஊர், கடின ஆடுகளம், வாரம் தவறாமல் என்று சொல்லுமளவுக்கு அதே ஓட்டல் வளாகத்தில் போட்டி. துருக்கியில் அன்டால்யா, எகிப்தில் ஷார்ம் எல் ஷேக், கிரீஸில் ஹெராக்லியோன் ஆகியவையும் இதே வகை. மூன்று வாரத்துக்கு ஒரே அறை, ஒரே ஆடுகளம், நடுவில் விமானச் செலவு கிடையாது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. ஐரோப்பியச் செம்மண் போட்டிகளுக்குப் போனால் ஷெங்கன் விதிப்படி எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். துனிசியா ஷெங்கனில் இல்லை. இங்கே கழியும் வாரங்கள் அந்தக் கணக்கில் சேராது.

செவ்வாய், பதிமூன்று நாள் முன்பு

இன்று அதே நேரத்தில் விலகல் கெடு. பட்டியல் உயிரோடு அசைவது இந்த ஐந்து நாளில்தான். ஆறு ஊரில் பெயர் போட்டவர் ஐந்தைக் கழற்றிவிடுவார். தகுதிச்சுற்றுக் காத்திருப்பில் நாற்பதாவது ஆளாக நின்றவர் செவ்வாய் இரவில் உள்ளே வந்துவிடுவார். கெடுவுக்குப் பிறகு விலகினால் அது தாமத விலகல், தண்டனைக் கணக்கில் ஏறும்.

ஆகவே விமானச்சீட்டை வாங்க வேண்டியது இன்றிரவு, அதற்கு முன்னால் அல்ல. பட்டியல் வந்த மகிழ்ச்சியில் முதல் வாரமே வாங்கியவர்கள், மாற்ற முடியாத சீட்டோடு எட்டு பேருக்குப் பின்னால் காத்திருப்பில் நிற்பதைப் பார்க்கலாம். திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளும் வகைச் சீட்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் கூடுதலானாலும் கொடுத்துவிடுங்கள். இந்த வேலையில் எப்போது ஊர் திரும்புவோம் என்பது எதிராளியின் கையில் இருக்கிறது.

வியாழன், நான்கு நாள் முன்பு

பட்டியல் உறையும் நாள். இனி மூட்டை கட்டலாம்.

ராக்கெட் குறைந்தது நான்கு, ஒரே எடையில், ஒரே சமநிலையில். இரண்டு போதும் என்று வருபவர், ஒரே செட்டில் இரண்டு ஸ்ட்ரிங் அறுந்த பிறகு பக்கத்து ஆடுகளத்தில் கடன் கேட்பார். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் 200 மீட்டர் ரீல் ஒன்று. ஒரு ராக்கெட்டுக்குச் சுமார் 12 மீட்டர் போகும், ஆக ஒரு ரீலில் பதினாறு முறை போடலாம். பாக்கெட்டாக வாங்குவதைவிட இது மிகவும் மலிவு. பாலியெஸ்டர் அறுந்துதான் கெட வேண்டும் என்றில்லை. போட்ட முதல் நாளிலேயே இழுவிசை இறங்கும், எட்டுப் பத்து மணி நேரம் ஆடியபின் பந்து எங்கே விழும் என்று ராக்கெட்டுக்கே தெரியாது. அறுக்கும் பலம் இல்லாதவர்கள் இதைக் கவனிக்காமல், தங்கள் ஃபோர்ஹேண்டில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போட்டி ஆடும் நாளில் சராசரியாக இரண்டு ராக்கெட், பயிற்சி நாளில் ஒன்று என்று வையுங்கள். வாரத்துக்குப் பத்து முறை ஸ்ட்ரிங் போட வேண்டியிருக்கும். அங்கே போடுபவருக்கு ஒரு முறைக்குக் கூலி 10 யூரோ என்று கொண்டால் மூன்று வாரத்துக்கு 300 யூரோ. இதைத் தவிர்க்க மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரத்தைச் சுமந்து வருபவர்கள் உண்டு. 23 கிலோ பெட்டியில் பாதியை அது தின்றுவிடும். இரண்டு பேர் சேர்ந்து பயணம் செய்தால் கட்டுப்படியாகும். தனி ஆளுக்கு வேண்டாம் என்பதே நம் கட்சி. கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் கீழே போகும் பெட்டியில். ரீலும், இரண்டு ராக்கெட்டும், ஒரு ஜோடி ஷூவும், ஒரு செட் ஆட்ட உடையும் கைப்பையில். பெட்டி இஸ்தான்புல்லில் தங்கிவிட்டாலும் ஞாயிறு காலை ஆட வேண்டுமே.

வெள்ளி

சென்னையிலிருந்து துனிசியாவுக்கு நேர் விமானம் கிடையாது. வளைகுடா வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ துனிஸ் போய் இறங்க வேண்டும். மொனாஸ்டிருக்கே விமான நிலையம் உண்டு, துனிசியாவின் முதல் ஜனாதிபதி ஹபீப் பூர்கிபா பெயரில். ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் ஐரோப்பியச் சுற்றுலா விமானங்கள். துனிஸிலிருந்து தெற்கே சுமார் 160 கிலோமீட்டர். மலிவான வழி, ரயிலில் சூஸ் வரை போய் அங்கிருந்து சஹேல் மெட்ரோ. பெயர்தான் மெட்ரோ, ஆடி அசைந்து போகும் கடலோர மின்ரயில். அது மொனாஸ்டிர் விமான நிலையத்திலும் நின்று போகும். லுவாஜ் எனப்படும் பங்கு வேன் இன்னும் விரைவு. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். டென்னிஸ் பைக்குத் தனிக் காசு கேட்பார்கள் என்று எதிர்பார்த்து ஏறுங்கள்.

பணம் பற்றி ஒன்று. துனிசிய தினாரை நாட்டுக்கு வெளியே வாங்கவும் முடியாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. இறங்கியபின் மாற்றும்போது தரும் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்.

சனி

மாலை 4 மணி முதல் 6 வரை தகுதிச்சுற்றுக்குச் சைன்-இன். ஒரு மேசை, ஒரு சூப்பர்வைசர், ஒரு தாள். பதினெட்டு நாளாகத் திரையில் பார்த்த பட்டியல் இங்கேதான் நிஜமாகிறது. வராதவர் பெயர் அடிபடும், ஊரில் வந்து காத்திருக்கும் மாற்று ஆள் உள்ளே போவார். காத்திருப்பில் பத்துக்குள் இருந்தால் வந்து பார்ப்பது வீண்போகாது. தொடர் போட்டி நடக்கும் ஊரில் இது இன்னும் எளிது: போன வாரம் அரையிறுதி வரை போனவர்கள் களைத்துப்போய் வர மாட்டார்கள்.

பயிற்சிக்கு ஆடுகளம் பிடிப்பது தனிக் கலை. நேரம் அரை மணி அல்லது ஒரு மணி. கூட்டமான சனியன்று ஒரே ஆடுகளத்தில் நான்கு பேர், ஆளுக்கு ஒரு மூலை. முழு ஆட்டம் ஆடிப் பார்க்க இடமிருக்காது. கடலிலிருந்து வரும் காற்று எந்தப் பக்கத்துக்கு அடிக்கிறது, எந்த முனையில் சர்வ் போடும்போது பந்தை உயரம் குறைத்து எறிய வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் அன்றைய வேலை முடிந்தது. குளிர்கால வாரம் என்றால் காலையில் பந்து கல்லாக இருக்கும். வழக்கமான இழுவிசையில் ஒரு கிலோ குறையுங்கள். ஜூலையில் அதே பந்து பறக்கும். ஒரு கிலோ கூட்டுங்கள்.

ஞாயிறு

64 பேர் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்தால் எட்டில் ஒருவர். மூன்றாவது செட் கிடையாது. ஆளுக்கொரு செட் ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக். நன்றாக ஆடியவரை இரண்டு நிமிட அசிரத்தை வீட்டுக்கு அனுப்பிவிடும் அமைப்பு இது. டைபிரேக் பயிற்சி இல்லாமல் வருபவர்கள், மூன்று செட் உடல்வலுவை நம்பி ஏமாறுகிறார்கள்.

பல ஆட்டங்களில் நடுவர் நாற்காலி காலியாக இருக்கும். சுற்றி வரும் அதிகாரி ஒருவர் நாலைந்து ஆடுகளத்தைக் கவனிப்பார். உங்கள் பக்கத்துக் கோட்டை நீங்கள் சொல்ல வேண்டும், எதிர்ப்பக்கத்தை அவர். சந்தேகம் என்றால் பந்து உள்ளே என்பதே விதி. ஒவ்வொரு முதல் சர்வுக்கு முன்னும் சர்வ் போடுபவர் ஸ்கோரை உரக்கச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு முணுமுணுப்பவர்கள்தான் 30-15ஆ 15-30ஆ என்ற சண்டையில் மாட்டுகிறார்கள். சண்டை வந்தால் இருவரும் ஒத்துக்கொள்ளும் புள்ளிகள் நிற்கும், தகராறுக்குள்ளானதை மட்டும் திரும்ப ஆட வேண்டும். எதிராளி கோட்டில் திருடுகிறார் என்று தோன்றினால் முதல் தடவையே அதிகாரியை அழைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்வரை திருட்டு நடக்காது. ஐந்து தடவை பொறுத்துவிட்டு ஆறாவது தடவை ராக்கெட்டை வீசினால் எச்சரிக்கை உங்களுக்குத்தான். அதன்பின் புள்ளி, அதன்பின் கேம் என்று பறிபோகும். அபராதமும் உண்டு.

திங்கள்

தகுதிச்சுற்று முடிகிறது. கடைசிச் சுற்றில் தோற்றவர்கள் பெட்டியைக் கட்டிவிடக் கூடாது. முதன்மைச் சுற்றில் யாராவது காயத்தால் விலகினால் லக்கி லூசராக உள்ளே போகலாம், ஆனால் அறிவித்த நேரத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆடுகளத்தருகே தயாராக இருப்பவருக்கு மட்டும்.

இரட்டையர் சைன்-இன் நேரத்தை அறிவிப்புப் பலகையில் பாருங்கள். கூட்டாளி தேடுவது வாட்ஸப் குழுவில் நடக்கிறது. இருவர் தரவரிசையையும் கூட்டித்தான் இடம் என்பதால் நண்பனைவிட நல்ல தரவரிசைக்காரனுக்கே மவுசு.

செவ்வாய், புதன்

முதன்மைச் சுற்று. சேர் அம்பயர் வந்துவிட்டார், கோட்டு நடுவர்கள் இல்லை. பந்து எடுத்துப் போடப் பையன்கள் இல்லை. பிசியோ உண்டு, ஆட்டத்துக்கு முன் கணுக்கால் கட்ட வரிசையில் நிற்க வேண்டும், முதல் ஆட்டம் உங்களுடையது என்றால் ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். 2025 முதல் ஆட்டத்தின்போது வெளியிலிருந்து பயிற்சியாளர் யோசனை சொல்லலாம் என்று விதி மாறியிருக்கிறது. இங்கே பெரும்பாலோருக்குப் பயிற்சியாளரே கிடையாது, ஆகவே விதி மாறியது காதில் விழுந்ததோடு சரி.

இப்போது பணம். ஒற்றையரில் முதல் ஆட்டத்தில் தோற்றால் 156 டாலர். ஒன்று ஜெயித்து வெளியேறினால் 258, காலிறுதியில் 438, அரையிறுதியில் 752, இறுதியில் தோற்றால் 1,272, பட்டம் 2,160. நாட்டுச் சட்டப்படியான வரி போகக் கையில் வருவது இன்னும் குறைவு. தகுதிச்சுற்றில் தோற்றவருக்குச் சல்லிக்காசு இல்லை. மூன்று வேளைச் சாப்பாட்டோடு அறை ஒரு நாளைக்கு 60 டாலர் என்று கொள்ளுங்கள். எட்டு நாளுக்கு 480. அதாவது காலிறுதி வரை போன வாரம்கூட நஷ்டம், விமானச்சீட்டையும் ஸ்ட்ரிங்கையும் சேர்க்காமலே. அறையைப் பங்கிட்டால் 240, அப்போது காலிறுதி ஆட்டக்காரருக்கு ஏதோ மிஞ்சும். அறைத் தோழனே மறுநாள் எதிராளியாக வருவதும் இங்கே அதிசயமில்லை. அலாரம் ஒன்றே போதும்.

ஐடிஎஃப் 2013-ஆம் ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்தபோது, பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலே ஓர் ஆண் ஆட்டக்காரருக்கு ஆண்டுக்குச் சுமார் 38,800 டாலர் ஆகிறது என்றும், வரவும் செலவும் சமமாவது உலகத் தரவரிசையில் 336-ஆம் இடத்தருகே என்றும் தெரிந்தது. பெண்களுக்கு 253. ஏடிபி 2024-ல் கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் முதல் 250 பேரோடு நின்றுவிடுகிறது. மொனாஸ்டிர் பட்டியலில் இருப்பவர்கள் அந்தக் கோட்டுக்கு வெகுதூரம் கீழே. கோட்டுக்கு மேலே இருந்தவர்கள் நிலைமையும் அப்படியொன்றும் இல்லை. 2023 செப்டம்பரில் இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரர் சுமித் நாகல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஐந்து மாதம் கழித்து நுங்கம்பாக்கத்தில் சென்னை சேலஞ்சர் பட்டம் வென்றபிறகுதான் முதல்முறையாக முதல் நூற்றுக்குள் வந்தார்.

புள்ளிகள் இப்படி: பட்டம் 15, இறுதி 8, அரையிறுதி 4, காலிறுதி 2, முதல் வெற்றிக்கு 1. இறுதிக்கும் பட்டத்துக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். இன்னொரு நுணுக்கம்: ஐடிஎஃப் போட்டியில் ஜெயித்த புள்ளி அடுத்த திங்களில் ஏறாது, அதற்கடுத்த திங்களில்தான் ஏறும். இரண்டு வாரம் தள்ளி நடக்கும் போட்டிக்கு அந்தப் புள்ளியை நம்பிப் பெயர் கொடுப்பவர்கள் ஏமாறுவது இங்கே வாராவாரம் நடக்கிற கூத்து. 52 வாரம் கழித்து அதே புள்ளி கழன்றுவிடும்.

வியாழன்

தோற்ற இரவில் கைப்பேசியைத் திறக்காமல் இருப்பது உத்தமம். சூதாட்டத்தில் காசு விட்டவர்கள் குடும்பத்தையே இழுத்துத் திட்டி இன்ஸ்டாகிராமில் அனுப்பியிருப்பார்கள். பார்வையாளர் பத்துப் பேர்கூட இல்லாத ஆட்டத்துக்கு உலகெங்கும் பந்தயம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் தெளிவு: 2012-ல் ஐடிஎஃப் கீழ்நிலைப் போட்டிகளின் நேரடி ஸ்கோர் தரவைச் சூதாட்ட நிறுவனங்களுக்கு விற்க ஸ்போர்ட்ரேடார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. 156 டாலருக்கு ஆடுபவருக்கு, ஒரு செட்டை விட்டுக்கொடுக்க அதைப்போலப் பல மடங்கு தருகிறேன் என்று ஒருவன் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்திருக்கலாம். 2018-ல் வழக்கறிஞர் ஆடம் லூயிஸ் தலைமையிலான சுயாதீனக் குழு, 15,000 டாலர் மட்டத்தில் அந்த விற்பனையை நிறுத்தச் சொன்னது.

ஆட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. எந்த டென்னிஸ் ஆட்டத்திலும், தான் ஆடாததிலும்கூட, பந்தயம் கட்டக் கூடாது. யாராவது பேரத்துக்கு வந்தால் மறுத்தால் மட்டும் போதாது. சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமையிடம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காததே தனிக் குற்றம். ‘நாளைக்கு அவனுக்கு முதுகுவலி, ஆடுவதே சந்தேகம்’ என்று வெளியாளிடம் காசு வாங்கிக்கொண்டு சொன்னால் அதுவும் உள்தகவல் கொடுத்த குற்றத்தில் சேரும்.

வெள்ளி

இன்னும் களத்தில் இருப்பவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு அடுத்த வாரத் தகுதிச்சுற்று வரை ஓய்வு. பஃபே உணவில் கூஸ்கூஸும் கோழியும் ஆட்டத்துக்கு முன்தினம் தாராளமாகச் சாப்பிடலாம். பிரிக் என்ற முட்டை வைத்த பொரித்த பண்டம் நாவுக்கு இதம், ஆட்ட நாளில் வயிற்றுக்குப் பகை. ஹரிஸ்ஸா மிளகாய் விழுதைக் கண்டதும் நம்மவர்கள் பாய்வார்கள். ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். சைவக்காரர்கள் லப்லாபி என்ற கொண்டைக்கடலைச் சூப்பைக் கேட்கலாம், மேலே சூரைமீன் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு.

மெட்ரோவில் சில நிறுத்தம் போனால் ஊர். 796-ல் கட்டத் தொடங்கிய ரிபாத் கோட்டையின் கோபுரத்திலிருந்து கடலும், பூர்கிபா கல்லறை மண்டபத்தின் பொற்குவிமாடமும் தெரியும். விம்பிள்டன் இறுதியில் 2022, 2023 என இரண்டு முறை ஆடிய துனிசிய வீராங்கனை ஒன்ஸ் ஜபேர் பிறந்த க்ஸார் ஹெலால் இதே மொனாஸ்டிர் மாகாணத்தில்தான் இருக்கிறது. கோட்டைப் படி ஏறி இறங்க ஒரு மணி நேரம் போதும், தொடைக்கு அதற்குமேல் வேலை கொடுக்காதீர்கள்.

சனி, ஞாயிறு

சனியன்று இரட்டையர் இறுதி. வென்ற ஜோடிக்கு 930 டாலர், இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். அதே மாலை, சில அடி தள்ளி, அடுத்த வாரத் தகுதிச்சுற்றுக்குச் சைன்-இன் மேசை.

ஞாயிறு ஒற்றையர் இறுதி நடக்கும்போதே பக்கத்து ஆடுகளங்களில் அடுத்த வாரத்தின் முதல் தகுதி ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும். கைதட்டல் எந்த ஆடுகளத்துக்கு என்று சில சமயம் தெரியாது. பட்டம் வென்றவர் கோப்பையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, சூப்பர்வைசர் அறையில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்குவார். அபராதம் ஏதாவது இருந்தால் அங்கேயே கழித்துக்கொள்வார்கள், தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

ஊர் திரும்புபவர்கள் துனிஸ் விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன்பே மிச்ச தினாரை மாற்றிவிடுங்கள். முதல் நாள் வாங்கிய ரசீதைக் கேட்பார்கள்.